இரண்டு துப்பாக்கி, பன்னிரண்டு வியாழக்கிழமை

அத்தியாயம் ஏழு

"ஒரு கைத்துப்பாக்கி வாங்க ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும், ரூபன்?" என்று கேட்டார் லொரெட்டா.

"என் மாமா காபி ஆறுறதுக்குள்ள ரெண்டு வாங்குவார், பாஸ். அதை அத்தைக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கத்தான் ஒரு வாரம் ஆகும்."

"ஆரின் ஹால்வர்சன் பன்னெண்டு வாரமா வாங்கிட்டே இருக்கார். இன்னும் வாங்கின பாடில்ல."

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. காற்று வண்டியின் கதவைப் பிடித்து ஆட்டியது. வயோமிங்கில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. எதிரே ஒரே ஒரு எண்ணெய் லாரி வந்தது. அதன் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொன்னான். லொரெட்டாவை விட்டால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் வணக்கம் அதுதான்.

லொரெட்டா கேன் இருபத்திரண்டு வருடம் ஷெரீஃப் அலுவலகத்தில் போலீஸாக இருந்தவர். இப்போது டிரை ஃபோர்க் என்கிற எங்கள் ஊரின் ஒரே தனியார் துப்பறிவாளர். நான் அவருடைய உதவியாளன், தற்காலிகம். ஆறு வருடமாகத் தற்காலிகம். எங்கள் ஊரில் நடக்கிற மர்மங்களுக்கு ஒரு ஆளே அதிகம். அந்த ஆபீஸில் இரண்டாவது நாற்காலி எதற்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கேஸ் சியாட்டிலிலிருந்து வந்திருந்தது. கொடுத்தவள் மார்னி, ஆரினின் ஒரே மகள். ஆரினுக்கு எழுபத்தொன்று. நிலக்கரி ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆகஸ்டில் மனைவி இறந்துவிட்டாள். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் யாரோ ஒரு பெண்ணோடு துப்பாக்கிக் கடைக்குப் போகிறார். மகள் போனில் கேட்டால், "ரெண்டு துப்பாக்கில எதை வாங்கறதுன்னு பார்த்துட்டு இருக்கேன்" என்கிறார்.

மார்னிக்கு இரண்டு பயம். ஒன்று, அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் வீட்டின் மேல் கண். இரண்டாவதை அவளால் வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை. லொரெட்டாவும் சொல்ல வைக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். தப்பாக ஏதாவது இருந்தால் நாளைக்கே விமானம் ஏறி வந்து, வீட்டைப் பூட்டி, அப்பாவைச் சியாட்டிலில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடப் போகிறாள்.

"எனக்கென்னமோ வீடுதான்னு தோணுது, பாஸ். இந்த ஊர்ல வீட்டுக்கு ஆசைப்படற ஆள் இருந்தா அதுவே பெரிய மர்மம்."

"வண்டியை ஓரமா நிறுத்து. கடை வந்தாச்சு."

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடை, கடைக்குப் பின்னால் சுடுவதற்கான ரேஞ்ச். கவுண்ட்டரில் வேட் இருந்தான். தாடி பெரிது, மனசு அதைவிடப் பெரிது, வாய் எல்லாவற்றையும்விடப் பெரிது. விஷயத்தைச் சொன்னதும் வாடகைத் துப்பாக்கிகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தான். குண்டுகளை அடுக்கும் மேகஸினை உருவினான், மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தினான், உள்ளே பார்த்தான், காலி. லொரெட்டா வாங்கி உள்ளே பார்த்தார், காலி. என்னிடம் கொடுத்தார், நானும் பார்த்தேன். இப்படிப் பார்க்காமல் வாங்குகிறவனை எங்கள் ஊரில் வளர்ப்பு சரியில்லாதவன் என்பார்கள்.

"இது ஒண்ணு. முழு இரும்பு, நாப்பத்தஞ்சு காலிபர். எட்டு குண்டு, நல்ல கனம்," என்றான் வேட். "இன்னொண்ணு கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, ஒம்போது மில்லிமீட்டர். பதினேழு குண்டு, கையில இருக்கறதே தெரியாது. ரெண்டும் முழு சைஸ். வாரா வாரம் இதே ரெண்டுதான் வாடகைக்கு எடுப்பாங்க. ஆளுக்கு ஒரு பெட்டி குண்டு, ஒரே லேன்ல நின்னு மாத்தி மாத்திச் சுடுவாங்க."

எங்கள் ஊரில் இந்த இரண்டையும் பற்றிப் பேச்செடுத்தால் கல்யாண வீட்டிலும் கைகலப்பு வரும். இரும்புக்காரர்கள் பிளாஸ்டிக்கைப் பொம்மை என்பார்கள். பிளாஸ்டிக்காரர்கள் இரும்பைப் படகுக்கு நங்கூரமாகப் போடத்தான் லாயக்கு என்பார்கள். ஆனாலும் பன்னிரண்டு வாரம் யோசித்தவனை நான் கேள்விப்பட்டதில்லை.

"இங்க ஒரு இடம் காலியா இருக்கே?" என்று லொரெட்டா பெட்டியைக் காட்டினார்.

"கறுப்பு இருந்த இடம்தான் அது. ஊர்ப்பட்ட கை பட்டுத் தேஞ்சு போச்சு. வாடகைக்கு வெக்கறதை நிறுத்தியாச்சு. முதலாளி பழசையெல்லாம் கழிச்சுக் கட்டறார்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'கையுறை பாதி விலை' என்று ஒரு அட்டை. ஜன்னல் வெளிச்சம் அதில் அங்கங்கே பொத்துக்கொண்டு வந்தது.

"வேட், விலையைக் குறைச்சது சரி, அட்டையை ஏன் சுட்டீங்க?"

"அவங்க சுட்ட எலக்குத் தாள்தான். விட்டுட்டுப் போவாங்க. பின்பக்கம் சும்மாத்தானே இருக்குன்னு விலை எழுதிட்டேன்."

கடை முழுக்க அட்டைகள். நானும் லொரெட்டாவும் பத்துப் பன்னிரண்டைக் கழற்றித் திருப்பினோம். ஒவ்வொன்றிலும் பென்சிலில் பெயரும் துப்பாக்கியும் வாரமும் எழுதியிருந்தது. அவற்றைத் தரையில் பரப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"பாஸ், இங்க பாருங்க. ஆரின், இரும்பு, மூணாவது வாரம். எல்லாக் குண்டும் ஒரு காபி கப் மூடிக்குள்ள. அதே ஆரின், பிளாஸ்டிக். ஆலங்கட்டி மழை பெஞ்ச தகரம் மாதிரி இருக்கு. டெல்லான்னு போட்டிருக்கற அந்தம்மாவுக்கு அப்படியே நேர்மாறு. பிளாஸ்டிக்ல எல்லாமே நடுவுல, இரும்புல ஒண்ணுகூட நடுவுல விழல."

"எல்லா வாரமும் இப்படித்தானா?"

"எல்லா வாரமும். அவருக்கு இரும்பு, அவங்களுக்குப் பிளாஸ்டிக். முதல் வாரமே தெரிஞ்சு போச்சு. குருடன்கூட வாங்கியிருப்பான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அதான் நானும் கேக்கறேன்," என்றார் லொரெட்டா. அவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை கவுண்ட்டருக்கு மேலே மாட்டியிருந்த பலகையில் இருந்தது.

'வாடகைக்குத் துப்பாக்கி வேண்டுவோர் சொந்தத் துப்பாக்கி ஒன்றுடனோ, துணைக்கு ஒருவருடனோ வரவும். தனியே வருபவருக்குத் தரப்படாது.'

நாட்டில் பல ரேஞ்சுகளில் இந்த விதி உண்டு. காரணத்தைப் பலகையில் எழுத மாட்டார்கள். தனியாக வந்து, கையில் எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்கு ஒரு துப்பாக்கி கேட்கிறவன் சில சமயம் இலக்கைச் சுட வந்தவனாக இருக்க மாட்டான், வீடு திரும்ப வந்தவனாகவும் இருக்க மாட்டான். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

"வேட், முதல் நாள் ரெண்டு பேரும் எப்படி வந்தாங்க?"

வேட் தாடியைத் தடவினான். "தனித்தனியாத்தான். முதல்ல ஆரின். இஸ்திரி போட்ட சட்டை, புதுசா முடி வெட்டியிருந்தார். எந்தத் துப்பாக்கின்னு கேட்டேன். எதுவா இருந்தாலும் சரின்னார்."

அவன் எங்களைப் பார்த்தான். எனக்கும் சுருக்கென்றது. துப்பாக்கிக் கடையில் அந்த வார்த்தையை எவனும் சொல்ல மாட்டான்.

"பலகையைக் காட்டினேன். மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அரை மணி கழிச்சு அந்தம்மா, டெல்லா ப்ரூயிட். அவங்களும் தனியா. அவங்ககிட்டயும் கேட்டேன்."

"எதுவா இருந்தாலும் சரியா?"

"அதே வார்த்தை. அவங்களையும் அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள வந்தாங்க. நாங்க ஃப்ரெண்ட்ஸ்னாங்க. பேரு கேட்டுக்கிட்டதே கதவுகிட்டயாத்தான் இருக்கும். முதலாளியைக் கேட்டேன். குடு, ஆனா நீ பின்னாடியே நில்லுன்னார். நின்னேன். ரெண்டு பேரும் எலக்கைப் பார்க்கவே இல்ல. ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துட்டே நின்னாங்க."

ரேஞ்சிலிருந்து யாரோ நிதானமாகச் சுடுகிற சத்தம் கேட்டது.

"இன்னிக்கு வந்தாங்களா?" என்றார் லொரெட்டா.

"வரல. லேனும் புக் பண்ணல. அதான் ஆரின் வாங்கிட்டாரே."

"என்னது?"

"திங்கக்கிழமை. எனக்கு லீவு, முதலாளி வித்திருக்கார். எதுன்னு தெரியல, நோட்டுல பேரு மட்டும்தான் பார்த்தேன்."

லொரெட்டா ஏற்கெனவே கதவருகே இருந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"வாங்கினா என்ன பாஸ்? அதுக்குத்தானே அலைஞ்சார்?"

"வண்டியை எடு. பலகையை நீ சரியாப் படிக்கல. துணை இருக்கற வரைக்கும் அவருக்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்ல. தனியா இருக்கணும்னு நினைக்கிறவனுக்குத்தான் தேவை. பன்னெண்டு வாரம் வாங்காதவர் இந்த வாரம் வாங்கிட்டார், ரேஞ்சுக்கும் வரல."

அதற்குப் பிறகு நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. நான்கு மைல் சரளைச் சாலை. இரண்டு பக்கமும் வேலி, வேலிக்கு அப்பால் பனி, பனியில் ஒரு மாடுகூட இல்லை. இந்தச் சாலையின் முடிவில் ஒரு மனிதர் ஐந்து மாதமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் சாப்பிடுகிறேன், நாலு வருடமாக. தட்டை எடுக்காமல் வாணலியிலேயே சாப்பிட்டுவிட்டால் கழுவுகிற வேலை மிச்சம்.

லொரெட்டா கதவைத் தட்டவில்லை, இடித்தார். கதவு திறந்தது.

ஆரின் ஏப்ரன் கட்டியிருந்தார். ஒரு கையில் அடுப்பு உறை. வீடு முழுக்க, இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் பட்டையும் மணத்தது. மேஜையில் இரண்டு கிண்ணம், இரண்டு ஸ்பூன், ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டி ரோல். இங்கே சில்லியை அந்த ரோல் இல்லாமல் யாரும் சாப்பிடுவதில்லை. நடுவில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது, ஸ்லைடு திறந்து, மேகஸின் தனியாக. அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டு தொங்கியது: 'வாடகைக்கு அல்ல. வியாழன் மட்டும். டெல்லா, ஆரின்.'

"பாஸ்," என்றேன் மெதுவாக, "இது பிளாஸ்டிக்."

"பார்த்தேன்." லொரெட்டா தன் கார்டை நீட்டினார். "உங்க பொண்ணு மார்னி அனுப்பினா, மிஸ்டர் ஹால்வர்சன். உங்களால குறி வைக்கவே முடியாத துப்பாக்கியை எதுக்கு வாங்கினீங்க?"

அவர் முகம் சிவந்தது. "வித்துடப் போறோம்னாங்க. அது போயிட்டா அப்புறம் எதை எதோட ஒப்பிடறது? அதான் அதையே வாங்கிட்டேன். கடையிலயே வெச்சுக்கச் சொல்லிடலாம்னு. இங்க வெக்க எனக்கு விருப்பமில்ல."

"முதல் நாள் நீங்க ஒப்பிட வரல."

"இல்ல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு ஒப்பிட வரல. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. குடுக்க மாட்டேன்னுட்டான், வெளிய வந்து வண்டியில உக்காந்திருந்தேன். அந்தம்மா வந்து கண்ணாடியைத் தட்டினாங்க. பதினஞ்சு நிமிஷம் என்கூட உள்ள வர முடியுமான்னாங்க. அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் எதுக்குன்னு அவங்களுக்கும் தெரிஞ்சுது. ரெண்டு பேரும் சொல்லிக்கல. 'எதை வாங்கறதுன்னு பார்க்க வந்தேன்'னாங்க. நானும் அதுக்குத்தான்னேன். சுட்டு முடிச்சப்புறம், 'இதெல்லாம் ஒரே நாள்ல முடிவு பண்ற விஷயம் இல்ல, அடுத்த வியாழன் வரீங்களா'ன்னாங்க."

லொரெட்டா மேகஸினை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு ஏன் போகல?"

"அவங்கதான் பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க. வரல. போனும் எடுக்கல." அடுப்பு உறையைக் கழற்றி மடித்தார். "போரடிச்சுப் போயிருக்கும். பன்னெண்டு வாரம் ஒரு கிழவனோட ரயில் கதையைக் கேட்டதே பெரிசு. இருந்தாலும் ரெண்டு கிண்ணமா வெச்சேன். ஒரு கிண்ணம் வெச்சா மேஜை பார்க்க நல்லாயில்ல."

லொரெட்டாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வேட், ஆரின் வாங்கின விஷயம் டெல்லாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. செவ்வாக்கிழமை லேன் புக் பண்ணக் கூப்பிட்டாங்க. நான்தான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன். 'ஆரின் சொந்தமா வாங்கிட்டார், இனிமே துணையே வேண்டாம், உங்களுக்கு விடுதலை'ன்னு."

ஆரின் எழுந்து நின்றுவிட்டார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ரொம்ப சந்தோஷம், அவர் முடிவு பண்ணிட்டாரேன்னாங்க. புக் பண்ணாமலே வெச்சுட்டாங்க."

"தப்பான ஆளைத் தேடி வந்துட்டோம், ரூபன்," என்றார் லொரெட்டா. பிறகு போனில், "வேட், வாசல்ல எட்டிப் பாரு. அவங்க வண்டி நிக்குதா?"

நடக்கிற சத்தம். கதவு மணிச் சத்தம். "நிக்குது. நீல வண்டி. ஆனா உள்ள வராம..." அவன் குரல் இறங்கியது. "ஒவ்வொரு வண்டியாப் போய்க் கண்ணாடியைத் தட்டிட்டு இருக்காங்க."

"யாரோட வந்தாலும் குடுக்காதே. விரட்டவும் விரட்டாதே. வர்றோம்."

திரும்பி வந்த வேகத்தை நான் எழுதப் போவதில்லை. லொரெட்டா இன்னும் ஷெரீஃபிடம் நல்ல பெயரோடு இருக்கிறார். ஆரின் பின் சீட்டில் ஏப்ரனோடு உட்கார்ந்திருந்தார். காலித் துப்பாக்கி பெட்டிக்குள், பெட்டி மடியில். ஒரே ஒரு தடவை பேசினார். "நான் அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்."

கடை வாசலில் ஐந்தாறு வண்டிகள். பழுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான அம்மாள் ஒரு டிரக்கிலிருந்து விலகி நின்றிருந்தார். டிரக்காரன் கையை விரித்தபடி ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். அவர் என்னைப் பார்த்தார். காற்றில் கண் கலங்கியிருந்தது, காற்றால் மட்டுமல்ல.

"தம்பி, அவசரமாப் போறியா? ஒரு பதினஞ்சு நிமிஷம் என்கூட உள்ள வர்றியா? தனியா வந்தா குடுக்க மாட்டேங்கறாங்க."

எனக்கு எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கும். என்னை விட்டுப் போக மனைவி பெட்டியோடு வாசலில் நின்றபோதுகூட ஒரு ஜோக் சொன்னவன் நான். அன்றைக்கு ஜோக்கை விட்டுவிட்டேன்.

"வர்றேன், அம்மா," என்றேன். "ஆனா என்னைவிட நல்ல துணை ஒண்ணு பின்னாடி வருது."

ஆரின் பனியில் வழுக்கி வழுக்கி வந்துகொண்டிருந்தார். ஏப்ரன் காற்றில் அடித்துக்கொண்டது. டெல்லா அவரைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"நீங்கதான் வாங்கிட்டீங்களே, ஆரின்."

ஆரின் பெட்டியைக் காரின் முன்பக்கத்தில் வைத்துத் திறந்தார். ஸ்லைடு திறந்தபடியே எடுத்து நீட்டினார். டெல்லா வாங்கினார். அந்த நிலைமையிலும் பழக்கம் விடவில்லை, உள்ளே பார்த்தார், காலி. பிறகுதான் எந்தத் துப்பாக்கி என்று பார்த்தார். பிறகு சீட்டைப் படித்தார்.

"இதுல உங்களால எலக்கோட மூலையைக்கூடத் தொட முடியாதே."

"முடியாதுதான்."

"அப்ப எதுக்கு வாங்கினீங்க?"

"வித்துடப் பார்த்தாங்க, டெல்லா. ஒண்ணு போயிட்டா அப்புறம் எதை எதோட பார்க்கறது?"

டெல்லா அந்தச் சீட்டை மறுபடியும் படித்தார். "நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு வேட் சொன்னானே."

"எங்க பண்றது? இதெல்லாம் அவசரப்படற விஷயமா?"

டெல்லா துப்பாக்கியைத் திருப்பி அவரிடமே கொடுத்தார். கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னாலயும் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல, ஆரின்."

வேட் வாசலில் வந்து நின்றான். தலை குனிந்திருந்தது. ஆரின் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து அவனிடம் நீட்ட, அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். டெல்லா தன் வண்டியைப் பூட்டிவிட்டு எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார். லொரெட்டா ஒரு தாளில் எதையோ எழுதி, கிழித்து, ஆளுக்கொன்று கொடுத்தார்.

"இது ஒரு போன் நம்பர். எடுக்கறவங்களை எனக்கு நல்லாத் தெரியும். மனசு பாரமா இருந்தா எந்த நேரமும் பேசலாம். வியாழக்கிழமையை விட்டா வாரத்துல இன்னும் ஆறு நாள் இருக்கு."

ஆரின் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். டெல்லா படித்துவிட்டு வைத்தார். "சில்லி ஆறிப் போகும்," என்றார் ஆரின். "நாலு பேருக்குப் போதும்னு நினைக்கிறேன்."

போதவில்லை. நான் இரண்டாம் தடவை வாங்கினேன்.

நாலரை மணிக்கு ஆபீஸிலிருந்து லொரெட்டா சியாட்டிலைக் கூப்பிட்டார். "அந்தம்மாவுக்கு வீடு வேண்டாம், மார்னி. உங்க ரெண்டாவது பயம் நியாயமானதுதான், அதை உங்கப்பா வாயாலயே கேளுங்க, சொல்லுவார். ஆனா வீட்டைப் பூட்டாதீங்க, அவரைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இல்ல, இன்னும் முடிவு பண்ணல. ரொம்ப வருஷம் ஆகும்போல இருக்கு. வர்றதா இருந்தா வியாழக்கிழமை வாங்க."

போனை வைத்தார். ஹீட்டர் முனகியது. ஜன்னலுக்கு வெளியே தெரு காலி. இரண்டு பேர் உட்கார வேலையில்லாத ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"பாஸ்," என்றேன், "ஆறு வருஷம் ஆச்சு. என்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி..."

லொரெட்டா நாற்காலியைத் திருப்பாமல், கேஸ் ஃபைலை மூடி இழுப்பறைக்குள் வைத்தார்.

"இன்னும் முடிவு பண்ணல, ரூபன். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு."

ஆறு வருடத்தில் அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கோபம் வராதது அன்றைக்குத்தான் முதல் தடவை. வீட்டுக்குப் போனதும் வாணலியை ஓரமாக வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன்.